அடையாறில் எடுபடாத செந்தமிழ்

தமிழ் வாத்தியார் வேலையில் ஒரு சௌகரியம், பிள்ளைகள் நம்மைத் திட்டினாலும் 'ஐயா' என்று ஆரம்பித்துத்தான் திட்டுவார்கள். இந்த வருடம் எம்.ஏ. வகுப்பில் ஒரு பாடத்துக்குப் பரீட்சையை எடுத்துவிட்டு ப்ராஜெக்ட் கொடுத்தேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து அடையாறில் தங்குபவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் பழையபடி பரீட்சைதான் என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். சக வாத்தியார்களே, என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

முதல் வரவேற்பு

முதல் பெஞ்ச் நஸ்ரினையும் கடைசி பெஞ்ச் வேலுவையும் ஜோடியாகப் போட்டேன். நஸ்ரின் கேட்ட கேள்விக்கு மேலேயே பதில் எழுதுகிறவள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிற வேலு வாயே திறக்க மாட்டான், தன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயம். நஸ்ரின் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, பரீட்சைன்னா ஒரு நாள் கஷ்டம். இது செமஸ்டர் பூரா கஷ்டம். நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

ஆட்டோக்காரர் கேள்வி

அவர்களுக்கு அமைந்த மாணவி கொல்கத்தாவிலிருந்து வந்த மிதாலி. கணவருக்குச் சிகிச்சை. லாட்ஜ், மருந்துக் கடை எல்லா அலைச்சலும் மிதாலி ஒருவருக்குத்தான். பாஷை தெரியாமல் கணவருக்குப் பக்குவமாகக் கஞ்சிகூடக் கேட்டு வாங்க முடியவில்லை. மிதாலிக்கு இந்தி தெரியும் என்பதால் நஸ்ரின் வீட்டில் பேசுகிற உருது கைகொடுத்தது. ஆனால் அவள் எழுதித் தந்த பாடமோ சுத்தமான செந்தமிழ்.

மிதாலி அதை அப்படியே மனப்பாடம் செய்து, ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரரிடம், "ஐயா, அருகில் மருந்தகம் எங்குள்ளது என்று கூற இயலுமா?" என்றாராம். பாவம், அந்த மனிதர் கடைவாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"ஏம்மா, என்னாண்ட வந்து இன்னாத்துக்கு மேடைப் பேச்சு பேசினு கீற?"

வேலு வாயைத் திறந்தான்

நஸ்ரின் அழாத குறை. அப்போதுதான் வேலு, "எங்க ஏரியால பேசுற மாரி நான் சொல்லித் தரட்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். லாட்ஜ் சோபாவில் வகுப்பு நடந்தது. வேலு சொல்வான், நஸ்ரின் உருதுவில் விளக்குவாள்.

கொஞ்ச நாளில் மிதாலி, "அண்ணா, காரம் வேணாம், அவருக்கு வாயெல்லாம் புண்ணா கீது" என்று சொல்லிக் கஞ்சி வாங்கிவிட்டார். வேலு இதை வகுப்பில் எழுந்து நின்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அறிக்கையை என்னிடம் கொடுக்கும்போது நஸ்ரின் சொன்னாள்.

"ஐயா, வேலு பேரை முதல்ல போட்டிருக்கேன். டீச்சர் அவன்தான்."

தீர்ப்பு நாள்

துறைத்தலைவர் வகுப்புக்கே வந்து கருத்துக் கேட்டார். வெயில், அலைச்சல், ஜோடியில் ஒருவர்தான் உழைக்கிறார் என்று புகார்கள் கொட்டின. எல்லாமே நிஜம்.

கடைசியில் வேலு எழுந்தான். "இதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க ஐயா" என்று, காலையில் ரயில் ஏறுமுன் மிதாலி அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டான்.

"வேலு தம்பி, நஸ்ரின், நாங்க ஊருக்குப் போய்க்கினு கீறோம். அவரு நல்லா கீறாரு. அவரே கஞ்சி கேட்டு வாங்குனாரு."

அடுத்த வருடமும் ப்ராஜெக்ட்தான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார், இந்தப் பிள்ளைகள் புண்ணியத்தில் இன்னொரு செமஸ்டர் பூரா 'ஐயா' போட்டுத் திட்டு வாங்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.