பீலில் நான் பிசின் விற்ற கதை

கஞ்சாப் பிசின் விக்கிற தொழிலில எல்லாம் சுகம், "எங்க வேலை செய்யிறியள்?" எண்டு எங்கட ஆக்கள் ஆரும் கேக்கிற வரைக்கும்.

கடையில நிண்டு கால் கடுத்தவைக்குத்தான் நான் சொல்லுறது விளங்கும். சுவிஸில பீல் நகரத்தில இருபத்திரண்டு வருசம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில சாவணமும் பூதக்கண்ணாடியுமா இருந்தனான். என்ர கதிரைக்கு ஒரு மெஷின் வந்தது, என்னை வீட்ட அனுப்பிச்சினம். வேலை தேடித் தாற கந்தோரில இருந்த பெண் ஒரு விளம்பரத்தை நீட்டினா. விரல் நுணுக்கம் வேணும், மணம் பிடிக்கிற மூக்கு வேணும் எண்டு போட்டிருந்தது. சென்ட் கடையாக்கும் எண்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனன். போய்ப் பாத்தால் ஹாஷ் கடை, கஞ்சாப் பிசினைத்தான் இங்க ஹாஷ் எண்டுறது. பயப்பிடாதேங்கோ, சட்டம் விட்ட சாமான்தான். தலைக்கு ஏறுற சங்கதி அதில இல்லையெண்ட அளவுக்குக் குறைவு. மணத்துக்கும் ருசிக்கும், உடம்பு கொஞ்சம் இளகிறதுக்கும்தான் சனம் வாங்குது.

அந்த நேரம் என்ர குடியுரிமை விண்ணப்பம் நகரசபையில கிடந்தது. ரொறொன்ரோவில இருக்கிற என்ர அக்கா ஒருக்கா இங்க வந்துபோனா, அவவைக் கண்டு பதினெட்டு வருசம். அவவுக்கு இருதயத்தில ஒப்பரேஷன் நடந்தும், என்ர அகதிப் பயணப் பத்திரத்துக்கு ரெண்டு தரம் கனடா விசா இல்லையெண்டிட்டினம். சுவிஸ் பாஸ்போர்ட் கிடைச்சால் ரிக்கெற்றை எடுத்துக்கொண்டு போகலாம். அதுக்கு வேலையும் இருக்கவேணும், வாய் திறந்து கதைக்கவும் வேணும். தொழிற்சாலையில வாய்க்கு வேலையே இருக்கேல்லை. எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, அதுவும் பாதி, பிரெஞ்சும் பாதி. புதுக் கடையில மூண்டு மாசம் பாத்திட்டுத்தான் நிரந்தரமாக்குவினம். வேலை போனால் விண்ணப்பமும் போகும், அக்கா ஃபோனுக்குள்ளேயே கிடப்பா. என்னைக் கட்டின எங்கட மனுசன் தன்ர விண்ணப்பத்தை இன்னும் போடேல்லை. முதல் நீர் எடும், எப்பிடியெண்டு பாப்பம் எண்டு தைரியமாச் சொன்ன ஆள் அவர்.

மணந்து சொல்லுங்கோ

முதல் நாள் முதலாளி மார்செல் என்ர உள்ளங்கையில ஒரு துண்டை வைச்சார். ஜூரா மலைப்பக்கத்தில செடி வளக்கிற ஒரு கமக்காரர் பழைய முறையில செய்யிறது. காய்ஞ்ச செடியை நைசான அரிதட்டில மெதுவாத் தட்ட, பிசின் பொடி மட்டும் கீழ விழும். அதைக் கையால அமத்தி அமத்திக் கட்டியாக்கி மாதக்கணக்கில கிடக்க விடுவினம். வெளியில கறுப்பு, பிச்சால் உள்ளுக்கு மண்ணிறம். நல்லதெண்டால் விரல் சூட்டுக்கே இளகும், உதிராது. பிளாஸ்ரிக்கில சுத்தினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய்த்தாளில சுத்தி, கண்ணாடிப் போத்தலில, வெளிச்சமில்லாத குளிரான இடத்தில வைக்கவேணும். இவ்வளவையும் மார்செல் சொல்லி முடிய எனக்குப் பெரிய மரியாதை வந்திட்டுது, ஏதோ நகைக்கடையில நிக்கிற மாதிரி.

பிறகு என்ன மணக்குது எண்டு கேட்டார். நான் கையை மூடி, கொஞ்சம் சூடாக்கி, மணந்தன். மிளகு வந்தது. பழைய மரப்பெட்டி வந்தது. மூண்டாவதா வந்ததைச் சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்சிட்டு, மாட்டுக்கொட்டில் எண்டு சொல்லிப்போட்டன். சரி, முதல் நாளே வீட்ட போகச் சொல்லப்போறார் எண்டு நினைச்சன். மனுசன் குனிஞ்சு தானும் மணந்து பாத்தார்.

"மேடம், நான் பத்து வருசமா இதை விக்கிறன், மாட்டுக்கொட்டில் எண்டு சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

செத்தல் மிளகாய்

இனிச் சொல்லப்போறது நான் செய்த கூத்து. இதை எங்கட ஆக்களைத் தவிர உலகத்தில ஒருத்தரும் செய்யமாட்டினம்.

பின்னறையில மூண்டு போத்தல் தனிய இருந்தது. எட்டு மாசம் கிடந்து முத்தின சாமான், மார்செலின்ர உயிர். நான் ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக் கவலைப்படுவன். இவ்வளவு காலம் கிடக்கிற சாமானில பூச்சி பிடிக்காதோ? எங்கட வீட்டில அரிசிக்குள்ள, பருப்புக்குள்ள எல்லாம் ரெண்டு காய்ஞ்ச செத்தல் மிளகாய் போட்டுத்தானே வைக்கிறம். அடுத்த நாள் ஹாண்ட்பாக்கில கொண்டுபோய், போத்தலுக்கு ரெண்டு எண்டு போட்டு மூடிவிட்டன். ஆரிட்டயும் கேக்கேல்லை. எங்கட ஆக்களுக்கு ஒரு குணம், நல்லது செய்யிறம் எண்டால் ஒருத்தரையும் கேக்கமாட்டம்.

வியாழக்கிழமைகளில பீட்டர் எண்டு ஒருத்தர் வருவார். ரயிலில வேலை செய்து பென்ஷன் எடுத்தவர், இளமையில ஆசியா முழுக்கச் சுத்தினவர், ஹாஷ் விஷயத்தில பெரிய விண்ணன். அடுத்த கிழமை வியாழன் அந்தப் போத்தலில ஒரு துண்டு வாங்கிப் போனவர், வெள்ளிக்கிழமையே திரும்ப வந்தார். கண் ரெண்டும் சிவந்து, மூக்கால ஓடுது, இருமல் நிக்கேல்லை. மிளகாய் ஒண்டு காய்ஞ்சு வெடிச்சு, விதையும் தூளும் பிசினில ஒட்டியிருக்கு. மனுசன் அதைப் பைப்பில வைச்சு நெருப்புக் காட்டியிருக்கிறார். மார்செல் போத்தலைத் திறந்து, காம்பில பிடிச்சு ஒரு மிளகாயைத் தூக்கினார். அப்பிடியே என்னைப் பாத்தார்.

எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. வெக்கத்தில இல்லை, அக்காவை நினைச்சுத்தான். பூச்சி பிடிக்கும் எண்டு போட்டனான், எங்கட வீட்டில அப்பிடித்தான், வேலையால நிப்பாட்டாதேங்கோ எண்டு ரெண்டு பாஷையையும் கலந்து அழுதன். மார்செல் பீட்டரைப் பாத்தார், ஏனெண்டால் நட்டப்பட்டவர் அவர்தானே. பீட்டர் மூக்கைத் துடைச்சு, தண்ணி குடிச்சு, அந்தப் போத்தலில மிஞ்சினதைத் தனக்குச் சுத்தித் தரச் சொன்னார்.

"ஐம்பது வருசமா நான் இதைக் குடிக்கிறன், இந்தமுறைதான் இது என்னைக் குடிச்சது."

சபைக்கார அண்ணை

ஒரு மத்தியானம் தொப்பியைக் கண்மட்டும் இழுத்துவிட்டு, கழுத்துத்துண்டால வாயை மூடி ஒருத்தர் வந்தார். ஓகஸ்ட் மாசம், நல்ல வெய்யில். நடையைப் பாத்தவுடனே ஆளைப் பிடிச்சிட்டன், எங்கட கோயில் சபையில இருக்கிற அண்ணை. இளம்பிள்ளையள் கெட்டுப்போகுதுகள் எண்டு ஒவ்வொரு திருவிழாவிலயும் மைக் பிடிக்கிறவர். அவரும் என்னைக் கண்டிட்டார். திரும்பிப் போகவும் ஏலாது, நிக்கவும் ஏலாது. நான் கடைக்காரி மாதிரியே டொச்சில வணக்கம் சொன்னன், அவரும் டொச்சில முழங்கால் வலி எண்டார்.

எண்ணெயும் பூசலாம், இதையும் பாக்கலாம் எண்டு ஒரு துண்டை வெட்டிக் காட்டினன். கையில வைச்சு மணந்தவர் கழுத்துத்துண்டை இறக்கிப்போட்டு இன்னொருக்கா மணந்தார். இது நல்லதோ, கூடாததோ எண்டு எப்பிடி அறியிறது, எவ்வளவு நாள் வைக்கலாம், குளிர்ப்பெட்டியில வைக்கலாமோ எண்டு ஒண்டுவிடாமல் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். வெளிக்கிடேக்கதான் தமிழ் வந்தது.

"தங்கச்சி, நான் உம்மைக் காணேல்லை, நீரும் என்னைக் காணேல்லை, ஆனால் அடுத்த மாசமும் இதே துண்டில ஒண்டு எடுத்து வையும்."

பொலிஸுக்குத் தேத்தண்ணி

ரெண்டு பொலிஸ் பெண்பிள்ளையள் வந்து, சும்மா ஒரு சோதனை எண்டினம். ஒரு துளியைக் கிள்ளி, சின்னக் குப்பிக்குள்ள போட்டு, தலைக்கு ஏறுற சாமானோ இல்லையோ எண்டு காட்டுற நிறம் மாறும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டினம். மார்செல் இல்லை, நான் தனிய. எங்கட பழக்கம், வந்தவை சும்மா நிக்கக்கூடாது. கதிரை குடுத்தன், தேத்தண்ணி வைச்சன், மத்தியானத்துக்கு எண்டு கொண்டுபோன ரோல்ஸையும் சூடாக்கி நீட்டினன். சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ எண்டு மூண்டுதரம் சொன்னன். நிறம் சரியான நிறமாகத்தான் வந்தது. மூத்த பொலிஸ்காரி குப்பியை மூடிக்கொண்டே சொன்னா:

"அம்மா, உங்கட சாமானில பிழையில்லை, ஆனால் இவ்வளவு கவனிச்சால் ஏதோ ஒளிக்கிறியள் எண்டுதான் நாங்கள் நினைப்பம்."

நகரசபை

மூண்டு மாசம் முடிய மார்செல் நிரந்தரப் பத்திரத்தில கையெழுத்துப் போட்டுத் தந்தார். மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூண்டு கிழமையால நகரசபை கூப்பிட்டது. எங்கட மனுசன் ஆறு, மலை, ஏழு மந்திரிமார் எல்லாத்தையும் எனக்குப் பாடமாக்கித் தந்தார். கடைசியாக் கதவடியில வைச்சு, வேலையைக் கேட்டால் மூலிகைக் கடை எண்டு சொல்லும், அந்த மற்றச் சொல்லை வாயில எடுக்காதேயும் எண்டார்.

மேசைக்கு அங்கால மூண்டு பேர். ஓய்வு நேரத்தில என்ன செய்வியள் எண்டு ஒரு பெண் கேட்டா. எனக்கு ஆறு ஞாபகம் வருது, மலை ஞாபகம் வருது, பதில் வரேல்லை. அடுத்த கேள்விக்கும் தலையைத்தான் ஆட்டினன். நடுவில இருந்த வயசானவர் பேனையால ஏதோ எழுதினார். முடிஞ்சுது எண்டு நினைச்சன். பிறகு அவரே, பாவம் பாத்தோ என்னவோ, எங்க வேலை எண்டார். மூலிகைக் கடை எண்டன். என்ன மூலிகை எண்டார்.

பொய் சொல்லவும் எனக்குச் சொல்லுத் தெரியேல்லை, அதால உண்மையைச் சொன்னன். ஹாஷ் எண்டன். மூண்டு பேரும் நிமிந்தினம். அது நல்லதெண்டு எப்பிடித் தெரியும் எண்டு அந்தப் பெண் கேட்டா. ஐயோ, அதைக் கேக்கலாமோ என்னட்ட! ஒவ்வொரு நாளும் இருபது பேருக்குச் சொல்லுறது அதுதானே. வெளியில கறுப்பெண்டு ஏமாறாதேங்கோ, பிச்சு உள்ளுக்குப் பாருங்கோ எண்டன். வெள்ளையாப் படர்ந்து நிலக்கீழறை மணம் வந்தால் தொடாதேங்கோ எண்டன். உள்ளங்கையைக் குவிச்சு எப்பிடிச் சூடாக்கிறது எண்டு காட்ட, மூண்டு பேரும் வெறுங்கையைக் குவிச்சுக்கொண்டு இருந்தினம். டொச்சில தொடங்கினது பிரெஞ்சில முடிஞ்சுது, திரும்ப டொச்சுக்கு வந்தது. பீல்காரருக்கு அது குறையில்லை, அவையும் அப்பிடித்தான் கதைக்கினம். செத்தல் மிளகாயையும் சொல்லிப்போட்டன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. வயசானவர் என்ர விண்ணப்பக் கோப்பைத் தன்ர பக்கம் இழுத்துப் பேனையை எடுத்தார்.

"இதில 'பேசத் தயங்குபவர்' எண்டு நான் பத்து நிமிசத்துக்கு முதல் எழுதினனான், அதை வெட்டுறன்."

ரொறொன்ரோவில் ஒரு நாய்

பாஸ்போர்ட் வந்த கிழமையே ரிக்கெற் எடுத்தன். இருக்கிறதில நல்ல குளிர்க்கோட்டையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். அது வேலை நாளெல்லாம் எங்கட கடைப் பின்னறையில தொங்கின கோட் எண்டு எனக்கு ஒருக்காலும் யோசனை வரேல்லை. ரொறொன்ரோவில பெட்டி எடுக்கிற இடத்தில ஒரு சின்ன நாய் வந்து மணந்துபோட்டு, என்ர காலடியில மரியாதையாக் குந்தினது. நான் அதின்ர தலையைத் தடவினன். கஞ்சா மணம் பிடிச்சால் அது அப்பிடித்தான் குந்துமாம். அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் பெட்டியைக் கொட்டிச்சினம், கோட்டின்ர தையலைக்கூடத் தடவிப் பாத்தினம், நான் கடையில என்ன செய்யிறன் எண்டு நாலு பேருக்கு நாலுதரம் விளங்கப்படுத்தினன். ஒண்டும் இல்லாதபடியா விட்டிட்டினம்.

வெளியில வர, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு அக்கா நிண்டா. மெலிஞ்சுபோனா. தலை முழுக்க வெள்ளை. ஒப்பரேஷன் செய்த உடம்பு, இருக்கச் சொல்லியும் இருக்கேல்லையாம். கட்டிப்பிடிச்சால் எலும்புதான் கையில வருது. பிறகுதான் ஏன் சுணங்கினனான் எண்டு அழுதழுது சொன்னன்.

"பதினெட்டு வருசம் விசாக்காரன் மறிச்சான், இப்ப நாயும் மறிச்சிட்டுது, இனி மறிக்க ஆரடி மிச்சம், வா வீட்ட."

ஆனபடியால் இந்தத் தொழில் செய்யிற ஆக்களே, குடியுரிமை எடுக்கிறதெண்டால் உள்ளதைச் சொல்லுங்கோ, கனடாவுக்குப் போறதெண்டால் கோட்டை மாத்துங்கோ.