டோட்டல் இல்லாத பையன்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிறவன் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரில் பிள்ளைகள் கடைசிப் பரீட்சை எழுதியதும் விடைத்தாள்களை மூட்டை கட்டிக் கப்பலில் சீமைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால் முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று பதில் வரும். மார்க் வராது; யாரும் கேட்பதும் இல்லை. என் மகன் சுப்பிரமணிக்கு முதல் கிரேடு வந்தபோது, மொத்தம் எவ்வளவு என்று ஹெட்மாஸ்டர் துரையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எனக்குத் திருப்தி இல்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இதற்கு மேல் கிரேடே கிடையாது என்று சிரித்துக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு இங்கிலீஷும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

நம் சேலம் ஜில்லாவில் மார்க் இல்லாத மனிதன் ஏது? என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு பக்கம் கன்னத்து மச்சத்தை அடையாளமாக எழுதியிருக்கிறார்கள், இன்னொரு பக்கம் இங்கிலீஷ் மார்க்கை. இரண்டுமே இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. அந்த மார்க் கொஞ்சம் குறைந்ததால் காலேஜுக்கு 'எலிஜிபிள்' இல்லை என்றாகிவிட்டது. ராசிபுரத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, எத்தனை தறி ஓடுகிறது என்பதற்கு முன்னால், மாப்பிள்ளை எலிஜிபிளா என்றுதான் விசாரித்தார்கள். அந்தக் கேள்வி இல்லாத ஊரைத் தேடித்தான் கப்பல் ஏறினேன். ஆனால் மகனாவது ஊர்ப்பக்கத்துக் காலேஜில் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் என்னோடு கூடவே வந்துவிட்டது.

சென்ற ஜூனில் அவனை அழைத்துப்போனேன். என் மனைவியின் அண்ணன் துணைக்கு வந்தார். காலேஜ் குமாஸ்தா சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டோட்டல் எத்தனைங்க?"

டோட்டல் கிடையாது, முதல் கிரேடு என்றேன்.

"முதல்னா எத்தனைக்கு மேலீங்க? ஒரு நெம்பர் சொன்னாத்தானுங்களே, பையனை யாருக்கு மேல, யாருக்குக் கீழன்னு வெக்க முடியும்?"

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, சீமையிலயே திருத்துன பேப்பருங்க இது."

"அப்பச் சீமையிலயே சேத்திருங்க சாமி."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் சுவரில் பெயர்களை ஒட்டினார்கள். டோட்டல் இறங்க இறங்க ஒருவர் கீழ் ஒருவராக இருந்தார்கள். மயிரிழையில் எலிஜிபிள் ஆனவர்களுக்குக்கூட இடம் இருந்தது. இடங்கள் தீர்ந்த பிறகு ஒரு சிவப்புக் கோடு. அதற்கும் கீழே சுப்பிரமணி. மார்க் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. பினாங்கில் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளியில் போட்டுவிட்டு, மேல்படிப்புக்கு ஊருக்கு அனுப்பலாம் என்றிருக்கும் நம்மவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு ஊர் என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது.

கூட்டம் கலைந்த பிறகும் அவன் சுவரைப் பார்த்தபடியே நின்றான்.

"ஏம்ப்பா, அங்க நெம்பர் கேட்டாச் சிரிக்கறாங்க. இங்க இல்லீன்னாச் சிரிக்கறாங்க. நான் படிச்சது எந்த ஊருக்குப்பா?"

மச்சான் அவன் தோளில் கைபோட்டு அழைத்து வந்தார்.

மறுநாள் காலை, பினாங்குக் கப்பலைப் பிடிக்க நாகப்பட்டினத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினோம்.