வாசலுக்கு வராத நட்சத்திரம்

அடையாறில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். கிறிஸ்துமஸ் தீம். அலங்கார வேலை என்னுடையது. காகித நட்சத்திரத்துக்குள் பல்பை எரியவிட்டுப் பார்த்தேன். சூடேறிய காகிதத்தின் வாசனை எழுந்ததும் எங்கள் பழைய மயிலாப்பூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முதல் டிசம்பரில் அப்பா தெருவாசலில் நட்சத்திரம் கட்டினார். வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"இதை உள்ளேயே மாட்டிக்கோங்கோ. வாசல்ல தொங்கினா பாக்கறவா என்ன நெனச்சுப்பா?"

"சரிங்க சார்" என்றார் அப்பா.

பிறகு ஒவ்வொரு வருடமும் அது சமையலறையில், அரிசி டிரம்முக்கு மேலே எரிந்தது. வெளிச்சம் தெரியாமலிருக்க அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துதான் கேக் தின்போம். வீட்டுக்காரருக்கென்று முட்டை போடாத கேக் தனியாக வாங்கிக் கொடுத்தனுப்புவாள். அதை அவர் ஒருநாளும் வேண்டாமென்றதில்லை.

"ஸ்டாரை பால்கனிக்கு வெளிய மாட்டுங்க. தெரு பூரா தெரியணும்" என்றாள் குழந்தையின் அம்மா.

மாட்டினேன். அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"உங்க வீட்லயும் போடுவீங்களா?"

"போடுவோம்ங்க. வாடகை வீடு. சமையக்கட்டுல போடுவோம்."