குழந்தை பிறந்தால் அடங்கிவிடுவானாம்

என் தங்கையின் கணவன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டினான். லீவு கிடைத்தால் பெங்களூருக்குப் போய்க் குடித்துவிட்டு வருவான். ஏன் என்று கேட்டால் அடி. கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பஞ்சாயத்துக்குப் பேரிகையிலிருந்து அவன் அம்மாவும் தாய்மாமனும், உத்தனப்பள்ளியிலிருந்து எங்கள் பெற்றோரும் வந்தார்கள். அவன் வரவில்லை. மழையையும் தக்காளி விலையையும் பேசி முடித்தபின், மாமியார் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு கொழந்தைய பெத்துக்கினா எல்லாம் சரியாயிரும். அது மூஞ்சிய பாத்தா அடங்கிருவான்."

எல்லாரும் தலையாட்டினார்கள், என் அம்மா உட்பட. கிணற்று மோட்டார் பழுதானால்கூட நாலு பேரைக் கேட்பவர்கள் இவர்கள். ஒரு மனித உயிரை வரவழைக்க, காபி குடித்து முடிக்கும் நேரம் போதுமாக இருந்தது.

"அடங்கலைன்னா அந்தக் கொழந்த என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"புள்ளையே வேணாம்னு இருக்கறவ நீ. பெத்தவங்களுக்குத்தான் தெரியும்," என்றார் தாய்மாமன்.

"இவனப் பெத்துட்டுத்தான அத்தை பஞ்சாயத்துக்கு வந்து உக்காந்திருக்காங்க?"

அப்பா என்னை எழுந்து உள்ளே போகச் சொன்னார். என் வீட்டில்.

தங்கை திரும்பிப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. காதுகுத்துக்கு அவன் ஊருக்கே பிரியாணி போட்டான், குழந்தையைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். அந்த வாரமே பெங்களூர். குழந்தைக்கு நாலு வயதானபோது, வாசலில் பஸ் சத்தம் கேட்டாலே பொம்மையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மறுபடி அடி, மறுபடி என் வீடு, மறுபடி அதே கூட்டம்.

"பொட்டப்புள்ளல்ல, அதான் அவனுக்கு மனசு ஒட்டல. பையன் பொறக்கட்டும், பாரு," என்றார் மாமியார், கொஞ்சமும் கூசாமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கை சிரிக்கவில்லை.

"உங்க புள்ளைய உங்களாலயே திருத்த முடியல. என் பொண்ணு பொறந்ததுலருந்து அந்த வேலையத்தான் பாக்கறா. இன்னொண்ணையும் அதுக்கே பெக்கச் சொல்றீங்களா?"

"என்னா பேச்சு பேசறா பாரு," என்றார் தாய்மாமன். அம்மா இந்த முறை தலையாட்டவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

தங்கையும் குழந்தையும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். பேரிகையில் அவனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம். அவளுக்கும் இதே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள்.