விமான நிலையத்தில் பிழிந்த சந்தகை

எனக்கு எழுபத்தோரு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். சுற்றுலாக் குழுக்களோடு சமையல்காரியாகப் பதினோரு நாடு போயிருக்கிறேன். எந்த இடம் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு, கோயம்புத்தூர் விமான நிலையத்தின் சோதனை அறை என்றுதான் சொல்வேன்.

சிங்கப்பூர் போக எங்கள் குழு முப்பது பேரும் வரிசையில் நிற்கிறார்கள். என்னை மட்டும் அறைக்குள் கூப்பிடுகிறார்கள். மேசைமேல் என் பெட்டி திறந்து கிடக்கிறது. நடுவில், இட்லியை நூல் நூலாகச் சந்தகை பிழியும் மிஷின். மூன்று இரும்புக் கால், தலையில் திருகுகிற கைப்பிடி. வடநாட்டு அதிகாரி அதைத் தொடாமல் சுற்றி வருகிறார்.

பக்கத்தில் நிற்கும் காவலர் பெண் சென்னிமலைக்காரி. "ஏனுங்கம்மா, இதைய இங்கயே உட்டுப்போட்டுப் போயிருங்க. அவரு குண்டு கிண்டுன்னு நெனைக்கறாரு."

"நாளைக்குக் காலைல முப்பது பேருக்கும் சந்தகைன்னு சொல்லிப்போட்டேன் அம்மணி. இது வராட்டி நானும் வரலைன்னு அவருகிட்டச் சொல்லு."

விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்கிறது. நான் கைப்பையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து மிஷினுக்குள் போடுகிறேன். ஆறிய இட்லி லேசில் இறங்காது. இரண்டு கையாலும் திருகுகிறேன். டப்பா மூடியில் வெள்ளை நூலாக விழுகிறது. அதிகாரி ஒரு இழையை வாயில் போடுகிறார். அப்புறம் ஒரு பிடி.

"பெட்டிய மூடிப்போட்டு ஓடுங்கம்மா!" என்று சிரிக்கிறாள் சென்னிமலைக்காரி.

"எதுக்கு ஓடோணும்? சமைக்கறவ ஏறாம அவங்க போயிருவாங்களா? நடந்தே வாரேன்."

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா சத்தமாகப் படி. அவர் ஒரு பிடி அள்ளியதை எழுதாமல் விட்டுவிடவில்லையே?