வராத பத்துப் பேர்

அந்தப் பத்துப் பெயர்களையும் நான் பொய்யாகச் சொன்னேன். இல்லாத பத்து மனிதர்களை நம்பவைத்து, ஒரு பெண்ணை ஒரு முழுப் பன்றியை வெட்ட வைத்தேன்!

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. வீட்டில் குழம்பு வைக்கவும், மொட்டை மாடியில் தணலில் வாட்டவும் நல்ல பன்றிக்கறி எங்கே வாங்கலாம் என்றுதான் கேட்டீர்கள். பாளையங்கோட்டையில் இதை யார் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். வேதியியல் வாத்தியார், கறியை மோந்து பார்த்தே பன்றியின் வயதைச் சொல்லிவிடுவார் என்று எனக்கு ஒரு பெயர். உங்களுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்... இது வந்து நிற்கிறது.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கறி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். மஞ்சள் பாய்ந்திருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். தணலில் வாட்டத் தொடையை வாங்காதீர்கள், சக்கையாகிவிடும். தோள்பட்டையும் விலாவும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பன்றி எங்கே நின்றது, என்ன தின்றது என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

நான் போய்ப் பார்த்தவன். நாங்குநேரியைத் தாண்டி ராதாபுரம் போகிற வழியில், ஊரின் கடைசித் தெருவுக்கும் பின்னால் இருந்தது பொன்னுத்தாயின் கொட்டில். கணவன் இறந்தபின் தனி ஒருத்தியாக ஏழு வெண்பன்றிகளை வளர்த்தாள். சிமெண்டுத் தரையை இரண்டு வேளையும் கழுவிவிடுவாள். தவிடும் புண்ணாக்கும் வேகவைத்த கிழங்குத் தோலும்தான் தீனி. வெட்டியபின் காய்ந்த பனையோலையைக் கொளுத்தித் தோலை வாட்டுவாள். மயிர் பொசுங்கித் தோல் பொன்னிறமாகிவிடும். அவ்வளவு சுத்தமான கறியை நான் வேறெங்கும் தின்றதில்லை.

ஆனால் அவளிடம் நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. பங்குக்கறி அது. வேண்டியவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஒரு பன்றிக்குப் பதினைந்து பங்குக்காரர்கள் சேர்ந்தால்தான் ஞாயிறு விடியலில் வெட்டுவாள். சேராவிட்டால் அந்த வாரம் வெட்டு இல்லை. குளிர்பெட்டி ஏது அவளுக்கு?

போகும்போதெல்லாம் அவள் ஒன்றைத்தான் கேட்பாள். "சார், உங்க ஆளுக நாலு பேருகிட்டச் சொல்லுங்க சார். பேரு சேந்தாத்தான எனக்கும் பொழப்பு ஓடும்."

"சொல்லுதேம்மா" என்பேன்.

சொன்னேனா? ஒருவரிடமும் சொல்லவில்லை! எங்கள் திருச்சபையில் கேட்டவர்களுக்கெல்லாம், கேரள எல்லையில் ஒரு பெரிய பண்ணை இருக்கிறது, அங்கிருந்து வரவழைக்கிறேன் என்று அளந்துவிட்டேன். அந்தத் தெருவுக்குள் போய்க் கறி வாங்குகிறவன் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். நாலு பேர் வந்துவிட்டால் தோள்பட்டைக் கறி எனக்குக் கிடைக்காதே என்ற நாக்குருசி. இரண்டில் எது பெரிது? கூச்சம்தான். நாக்கின்மேல் பழியைப் போட்டால் குற்றம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று இத்தனை நாள் அப்படிச் செய்துவந்தேன்.

ஒரு மே மாதம் பெங்களூரிலிருந்து என் மகன் மூன்று நண்பர்களோடு வந்தான். கறி வாட்டும் அடுப்பு ஒன்றையும் கொண்டு வந்திருந்தான். "எங்க அப்பா வாங்குத கறிய நீங்க தின்னு பாக்கணும்லே" என்று அவர்களிடம் பெருமை அடித்தான். நான் பொன்னுத்தாய்க்குப் போன் போட்டேன்.

"நாலு பேருதான் சார் பேரு குடுத்திருக்காவ. இந்த வாரம் வெட்டல" என்றாள்.

மகனிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! என்ன குறைந்துபோயிருக்கும்? அலமாரியில் பழைய வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன்.

"எங்க சபையில பத்துப் பேரு கேக்காங்கம்மா. நீ வெட்டு."

அவள் குரல் அப்படியே மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னாள். பள்ளியை விட்டு எப்போதோ போய்விட்ட மாணவர்களின் பெயர்களை நான் வாசித்தேன். "அந்தச் சாருக்குக் கொழுப்போடயா, தனிக் கறியா?" என்று ஒவ்வொருவருக்கும் கேட்டாள். நானும் சொன்னேன். இவருக்குக் கொழுப்பு ஆகாது, அவருக்கு எலும்பு வேண்டும், எட்டாவது ஆளுக்கு ஈரல் வேண்டாம்...! சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. சுவாரசியமாக இருந்தது.

ஞாயிறு விடியலில் போனேன். வாழை இலைகளில் கறியைக் கூறு போட்டு வைத்திருந்தாள். நாலு பங்குக்காரர்கள் தங்கள் கூறுகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்று போக, மீதி பத்துக் கூறுகளின் பக்கம் நின்று, எது யாருடையது என்று பெயர் சொல்லிக் காட்டினாள். எல்லாப் பெயரும் மனப்பாடம் அவளுக்கு.

"மத்த சாருமாரு எப்ப வருவாவ?"

"ஆராதனை முடிஞ்சதும் வந்திருவாங்க."

எப்படியும் வேறு யாருக்காவது விற்றுவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். யாருக்கு விற்பாள்? வாங்க ஆள் இல்லாமல்தானே அந்த வாரம் வெட்டாமல் இருந்தாள்!

மதியம் மாடியில் அடுப்பு பற்றியது. உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மிளகும் பூண்டும் சேர்த்துத் தடவி, விலாக்கறியைப் போட்டோம். பிள்ளைகள் விரலைச் சப்பினார்கள். என் சட்டைப்பையில் போன் அடித்தது. நிறுத்தி நிறுத்தி நாலு முறை அடித்தது.

"யாருப்பா?" என்றான் மகன்.

"ஏதோ விளம்பரக்காரன்" என்றேன்.

அன்று வெயில் நெல்லைக்கே உரிய வெயில். மாலைவரை அந்தப் பத்துக் கூறுகளுக்கும் ஈரத்துணி போட்டுப் போட்டுக் காத்திருந்தாளாம். பிறகு எல்லாவற்றையும் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற பனைகளுக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தாளாம். நான் நேரில் பார்க்கவில்லை. சில மாதம் கழித்துத் துணிந்து போனபோது, முக்கு டீக்கடைக்காரர் சொன்னார்.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பிற்பகலில் இலையில் கறி கிடந்ததைப் பார்த்தவர்கள், அவள் பழைய கறி விற்கிறாள் என்று பேசிவிட்டார்கள். பள்ளி திறந்ததும் பேச்சு எங்கள் ஆசிரியர் அறைவரை வந்தது. நாங்குநேரியிலிருந்து வருகிற கணக்கு வாத்தியார் என்னிடமே சொன்னார்: "அங்கன ஒருத்தி கெட்டுப்போன கறிய விக்காளாம் வே. நீரு எல்லைப் பக்கம் வாங்குதீரு, தப்பிச்சீரு!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, நானும் கேள்விப்பட்டேன்" என்றேன்!

அதன்பிறகு அவளிடம் யாரும் பெயர் கொடுக்கவில்லை. நான் போனபோது கொட்டில் காலியாகிக் கிடந்தது. பன்றிகளை மொத்தமாகக் கேரளத்து லாரிக்காரனிடம் தள்ளிவிட்டு எங்கோ வேலைக்குப் போய்விட்டாள் என்றார் டீக்கடைக்காரர். வருத்தமாக இருந்தது. கூடவே, அவள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி... அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள்.

"சார்! நல்லா இருக்கீயளா?"

பொன்னுத்தாய்! வைவாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் சார், கோவிச்சுக்கிடாதீய. அன்னைக்கு அந்தப் பத்துப் பேரும் வரலைல்லா... எங்க தெருன்னு தெரிஞ்சுதான வரல? எங்க கை பட்டதுன்னுதான வேண்டான்னுட்டாவ?"

அப்படி யாருமே இல்லை அம்மா... ஒரே ஒரு வாக்கியம்! நாக்குவரை வந்தது. முன்பக்கம் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்!

"எனக்கு அப்பமே தெரியும் சார்" என்றாள். "நீங்க மட்டுந்தான் அப்படிப் பாக்கல. எங்க தெருவுக்குள்ள வந்தியள்ளா."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். பதிலுக்கு நானும் கும்பிட்டேன்.

பத்துப் பேர் தன் கையை அருவருத்தார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் யாரும் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. அருவருத்தவன் ஒருவன்தான். அவனைத்தான் அவள் கும்பிட்டுவிட்டு அண்டா கழுவப் போனாள்.