இடுப்புக்கு எழுதிய மாத்திரை

தா.பழூர் வயல்களில் இருபது வருடம் நடவு நட்டவள் இருசம்மாள். 1978-இல் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அரியலூர் டாக்டர் இறுகிய தசையைத் தளர்த்தும் மாத்திரை எழுதி, “தூக்கம் வரும், ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுங்க” என்றார்.

வலிப்பது பகலில்தானே என்று இருசம்மாள் அதைக் காலையில் விழுங்கிவிட்டு வயலுக்குப் போனாள். வலி குறைந்தது, இன்னும் வேகமாக நட்டாள். உச்சிவேளையில் கண் சொக்கி, நாற்றுமுடியோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் இடுப்பு முன்னைவிட மோசமாகப் பிடித்தது.

மறுபடி அரியலூர் போய் நடந்ததைச் சொன்னதும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “வேலை செய்யறதுக்கா மாத்திரை குடுத்தேன்? தசை தளர்ந்திருக்கும்போது ஓய்வு எடுத்தாத்தாம்மா குணமாகும். மூணு நாள் படுத்துக் கெடக்கணும்.”

“மூணு நாள் படுக்க முடிஞ்சா, மாத்திரைக்கு நான் ஏங்க வரப்போறேன்?” என்றாள் இருசம்மாள்.